நிலத்தில் அமரப் பழக்கியவருக்கு

மிஸ்,

சண்டிலிப்பாய்ச் சந்தியில் இன்று ஒருவர் கச்சான் கடலை வறுத்துக்கொண்டிருந்தார். அந்த மணம் பட்டதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. ஒரு கடதாசிச் சரை வாங்கி வந்தேன். தின்ன மனம் வரவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் அரியாலையிலிருந்து ஸ்கூட்டியில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வருவீர்கள். பிசியோதெரபி செய்யும் இயன்மருத்துவ மிஸ் என்றால் பெரிய பெரிய சாமான்களோடு வருவார் என்று நான் நினைத்திருந்தேன். நீங்கள் கொண்டுவந்தது ஒரு பாயும் கொஞ்சக் கச்சானும்தான். பிறவியிலேயே கால்கள் இறுகிப்போன என் மகள் மதுராவை பிள்ளைகள் இருந்து படிக்கும் இரண்டு வாங்குகளுக்கு நடுவே நிறுத்தி, பாயில் கச்சானை எறிவீர்கள். அவள் வாங்கைப் பிடித்தபடி முழங்காலை மடித்துப் பொறுக்கவேண்டும். பொறுக்கியது அவளுக்கு, தவறவிட்டது உங்களுக்கு. கொஞ்சம் கள்ள விளையாட்டும் விளையாடுவீர்கள்.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். "பிள்ளையை நடக்கப் பண்ணுவியள் எண்டுதான் விட்டனான். நீங்கள் கீழை இருக்கவல்லோ பழக்கிறியள்!"

"அம்மா, இது ஆரின்ரை இலக்கு? உங்கடையோ, அவளின்ரையோ? அவளைக் கேளுங்கோ."

கேட்டேன். மதுரா என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "வாணி விழாவுக்கு எல்லாரும் கீழை இருக்கினம். நான் மட்டும் கதிரையிலை, பெரியாக்களோடை. நானும் அவையோடை இருக்கோணும்."

பெற்றவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். பொறாமையாகத்தான் இருந்தது.

அந்த வருட வாணி விழாவில் தோழிகளுக்கு நடுவே அமர்ந்து, பாட்டுப் பாடி, அவல் தின்றாள். தீபாராதனைக்கு எல்லோரும் எழும்பியதும் நான் அவளைத் தூக்க ஓடினேன். நீங்கள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தீர்கள்.

"பொறுங்கோ. அவளுக்கு எழும்பத் தெரியும்."

பக்கத்துப் பிள்ளையின் தோளைப் பிடித்து, முழங்காலை ஊன்றி, எல்லோருக்கும் பிந்தித்தான் எழும்பினாள். ஆனாலும் தீபம் அவளிடம் வந்தபோது நின்றுகொண்டிருந்தாள். நான் அன்று சரஸ்வதியைக் கும்பிட்டேனோ உங்களைக் கும்பிட்டேனோ, எனக்கே தெரியாது.

இப்போது கோலூன்றி நடக்கிறாள். அதுவும் நீங்கள் பழக்கத் தொடங்கியதுதான். அதைப் பார்க்க விடாமல் நோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

உங்கள் செத்தவீட்டுக்கு அவளும் வந்தாள். யாரோ கதிரை எடுத்துப் போட்டார்கள். "வேண்டாம்" என்று சொல்லிக் கோலை என்னிடம் தந்துவிட்டு, மெல்ல மெல்ல இறங்கி, அழுதுகொண்டிருந்த உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்தாள். அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதைத்தான் நான் இன்னும் நெஞ்சில் வைத்திருக்கிறேன், மிஸ். கதிரையில் இருந்திருந்தால் அந்தக் கை அவளுக்கு எட்டியிராது.