பாதியில் நின்ற பெயர்

அன்பு அப்பாவுக்கு,

ஈசூன் அடுக்குமாடி வீட்டுப் பொதுமக்கள் அனைவருக்கும், அதாவது அம்மாவுக்கும் பூனைக்கும், இதனால் அறிவிக்கப்படுவது: உங்கள் கறுப்பு ஷூ என் காலுக்குச் சரியாகிவிட்டது. பூனை மட்டும் ஆட்சேபம் தெரிவித்தது.

அடுத்த செய்தி கொஞ்சம் பெரியது. சனிக்கிழமை எங்கள் பள்ளியில் கணினி நிரல் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். இருந்தது ஒரே இடம். எனக்கும் என் வகுப்பு தினேஷுக்கும் மோதல். சி பிளஸ் பிளஸில் எழுதிய நிரல் பெயரைக் கேட்க வேண்டும், வயதைக் கேட்க வேண்டும். பெற்றோர் யாராவது வந்து அடித்துப் பார்ப்பார்கள். தடுமாறினால் வெளியே.

"யார் என்ன அடிச்சாலும் அசையாது சார். சோதிச்சுச் சோதிச்சு விரலே தேஞ்சிடுச்சு" என்று கணினி சாரிடம் அளந்துவிட்டேன்.

தேக்கா சந்தையில் வேலை முடிந்து நேராக வந்த அம்மாவை சார் உட்காரச் சொன்னார். கறுப்புத் திரை, 'பெயர்?' என்றது.

"யார் பேருடா போடணும்?"

"என் பேரையே போடுங்கம்மா."

அம்மா ஒற்றை விரலால், என் அடையாள அட்டையில் உள்ளபடியே, உங்கள் பெயரோடு சேர்த்து அடித்தார்: கதிரவன் s/o மாணிக்கம்.

வயதை அடிக்க விடவே இல்லை. 'எண் மட்டும்! எண் மட்டும்!' என்று திரை வரிவரியாக ஓட ஆரம்பித்தது. அம்மா கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "நான் ஒண்ணும் பண்ணலடா!"

"டேய், உன் புரோகிராமுக்குப் பேய் பிடிச்சிருக்கு லா" என்றான் தினேஷ்.

"அஞ்சு நிமிஷம் தரேன். இல்லன்னா தினேஷ்தான்" என்றார் சார்.

நிரலைத் திறந்து பார்த்தேன். பெயரை வாசிக்க நான் போட்டிருந்த cin என்ற கட்டளை, இடைவெளி வந்ததும் நின்றுவிடும். கதிரவனை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு போய், உங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது. வயதைக் கேட்டபோது எண்ணுக்குப் பதில் நீங்கள் நின்றீர்கள். நகரவே இல்லை. அந்தப் பிடிவாதம் இன்னும் போகவில்லையா அப்பா?

வரி முழுவதையும் வாசிக்கும் getline என்று மாற்றினேன். நிரலை மறுபடி ஓட்டினேன். அம்மா மறுபடியும் அடித்தார். முழுப் பெயரும் திரையில் வந்தது. பிறகுதான், அமைதியாக, 'வயது?'

இடம் எனக்குத்தான்.

விரல் தேயச் சோதித்தேன் என்றேனே, சோதித்தது நிஜம். ஆனால் ஒவ்வொரு முறையும் 'கதிர்' என்று மட்டும்தான் அடித்தேன். நீங்கள் கண்மூடிய பிறகு அதற்கு மேல் விரல் போகவில்லை. இனிமேல் எங்கே கேட்டாலும் முழுசாக எழுதுவேன். சத்தியம்.

அப்புறம், அந்த ஷூ. நுனியில் டிஷ்யூ திணித்திருக்கிறேன்.

உங்கள் மகன்,
கதிரவன் s/o மாணிக்கம்