தூக்குவாளியின் எடை

செப்டம்பர் 8

ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வுக்கு முன் பள்ளியில் வைத்த சோதனையின் சரித்திரத் தாள் திரும்பி வந்தது. என் மகள் மோகனா எழுதியிருக்கும் நான்கு பதில்களும் முத்து முத்தாக இருக்கின்றன. கையெழுத்தைச் சொல்லவில்லை, விஷயத்தைச் சொல்கிறேன். கடைசி இரண்டு கேள்விகளுக்கு ஒன்றுமே இல்லை, வெறும் தாள்.

"பதில் தெரியும்மா. கேள்வியப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க."

அவளுக்கு டிஸ்லெக்சியா. எழுத்துகள் அவளிடம் மட்டும் ஒழுங்காக வரிசையில் நிற்பதில்லை. ஒரு வரியை இரண்டு மூன்று தரம் படித்தால்தான் பிடிபடும். ஆனாலும் என்ன பெண் அவள்! பாடத்தையெல்லாம் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்துகொண்டு, எங்கள் மளிகைக் கடையில் பருப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்கிறாள். மலாக்கா சுல்தான்களின் வரிசையை உளுந்து மூட்டைக்கு ஒப்பிக்கிறாள். நானாக இருந்தால் இரண்டாம் படிவத்திலேயே புத்தகப் பையைத் தூக்கி எறிந்திருப்பேன்.

பள்ளி ஆலோசகர் சாந்தினி டீச்சர், பெரிய தேர்வில் அவளுக்குக் கூடுதல் நேரம் கிடைக்க ஏற்பாடு செய்கிறார். கிடைத்தால், பல்கலைக்கழகத்துக்கு வழியான மெட்ரிகுலேஷன் கல்லூரி எட்டுகிற தூரம்தான். கிடைக்காவிட்டால்... எழுதவே கை வரவில்லை.

செப்டம்பர் 11

பிரேமாவதி அக்கா கடைக்கு வந்தார். அவர் மகன் புவனேசனும் மோகனாவும் ஒரே வகுப்பு. சர்க்கரை வாங்க வந்தவர் சர்க்கரையோடு நிறுத்தவில்லை.

"கோவிச்சுக்காத அம்சா. எம் மகன் ராத்திரி பகலா படிக்கிறான். மெட்ரிக் சீட்டு நம்ம பிள்ளைங்களுக்கு எத்தன கெடைக்குது? அதுல ஒருத்தருக்கு மட்டும் கூட நேரம்னா ஃபேர் இல்ல லா. கண்ணு தெரியலன்னா சரி. உம் மக நல்லாத்தானே இருக்கா?"

அவர் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். மீதிச் சில்லறையைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

செப்டம்பர் 12

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் இதே பேச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

செப்டம்பர் 14

என் வீட்டுக்காரர் செய்திருக்கிற காரியம்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டீச்சருக்குப் போன் போட்டு, "எங்களுக்கு அந்த நேரம் வேணாம்" என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டால்:

"சர்ட்டிபிகேட்ல போட்டுடுவாங்க அம்சா. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் அதப் பாத்தா? வேல குடுக்கிறவன் பாத்தா?"

யார் சொன்னா போட்டுடுவாங்கன்னு? யாரும் சொல்லல. இவரா நெனச்சுக்கிட்டது. மாப்பிள்ள வருவானாம், உக்காந்து பஜ்ஜி தின்னுக்கிட்டே சர்ட்டிபிகேட்டப் பிரிச்சுப் படிப்பானாம்! ஐயோ, இந்த மனுசன வெச்சுக்கிட்டு நான் என்னதான் செய்யறது?

நல்லவர்தான். மகள் என்றால் உயிர். ஆனால் பயந்தவர், பயம் வந்தால் யாரையும் கேட்க மாட்டார்.

மோகனா அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 17

அவளாகவே டீச்சரிடம் போய் விசாரித்து வந்திருக்கிறாள். சான்றிதழில் ஓர் எழுத்துகூட வராதாம். அப்பாவிடமும் சொல்லிவிட்டாள், அவர்தான் நம்பத் தயங்குகிறார். வேண்டாம் என்று சொன்னவரே வந்து வேண்டும் என்று சொல்லட்டும், திங்கட்கிழமை வரை பொறுக்கிறேன் என்றாராம் டீச்சர்.

"நான் போய்ச் சொல்றேன்டி, நானும் உன்னப் பெத்தவதானே" என்றேன்.

"வேணாம்மா. அப்பா மனசார வரணும். இல்லன்னா பரீட்ச முடியிற வரைக்கும் அவரு தூங்க மாட்டாரு."

தன் தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது அப்பாவின் தூக்கத்தைப் பார்க்கிறாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

விளக்குக்கு நல்லெண்ணெய் வாங்க, பிரேமாவதி அக்கா தன் பித்தளைத் தூக்குவாளியோடு வந்தார். மாமியார் கொடுத்தது, கல் போலக் கனக்கும். எங்கள் கடையில் சில்லறை எண்ணெயை நிறுத்துத்தான் தருவோம். இவர் வழக்கம்போல வெறும் வாளியைத் தராசில் வைத்து, பொத்தானை அமுக்கிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகு எண்ணெயை ஊற்றினார்.

பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த மோகனா தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏம்ப்பா வாளி எடையக் கழிக்கிறீங்க? மத்தவங்கல்லாம் பிளாஸ்டிக் போத்தல்தானே கொண்டாறாங்க. ஆண்ட்டிக்கு மட்டும் இவ்வளவு கழிச்சா ஃபேரா?"

அக்காவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அதெப்படி? நான் என்ன வாளியா வாங்க வந்தேன்? எண்ணெய்க்குத்தானே காசு?"

"அவ்வளவுதான் ஆண்ட்டி. கேள்வியப் படிக்கிறதுதான் என்னோட வாளி. கொஞ்சம் கனம். அதக் கழிச்சுட்டு எனக்குத் தெரிஞ்சத மட்டும் நிறுங்கன்னுதான் கேக்கிறேன். எண்ணெய் கொறச்சலா இருந்தா மார்க்கும் கொறச்சலாவே போடட்டும்."

இவர் கை தராசின் மேலேயே இருந்தது. அக்கா காசைக் கொடுத்துவிட்டு வாளியோடு போய்விட்டார்.

குரலை உயர்த்தவில்லை, யாரையும் குத்தவில்லை. எனக்கு அந்தப் பதினேழு வயதுக் கழுதையைத் தூக்கி இடுப்பில் வைத்துக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. என் வயிற்றில் பிறந்ததா இது!

செப்டம்பர் 22

காலையில் கடை திறக்கவில்லை. இவர் போன தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு டீச்சரைப் பார்க்கப் பள்ளிக்குப் போனார்.

டிசம்பர் 2

இன்று சரித்திரத் தாள். மணி அடித்ததும் பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள், புவனேசனும் வந்தான். மோகனா தனி அறையில் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். பிரேமாவதி அக்கா காரைக் கிளப்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் மகனைக் காரில் உட்காரச் சொல்லிவிட்டு, ஃபிளாஸ்க்கோடு இறங்கி என்னிடம் வந்தார்.

"மோகனாவும் வரட்டும். டீ குடிக்கிறியா?"

இரண்டு பேரும் மரத்தடியில் நின்று குடித்தோம்.

"எனக்கு இன்னும் முழுசா மனசு ஒப்பல அம்சா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த வாளிக்கு எங்கிட்ட பதிலும் இல்ல."

அந்த உண்மைக்காகவே அவரைப் பிடித்துப்போனது.

மோகனா கை விரல்களை உதறிக்கொண்டே வந்தாள். "கடைசிக் கேள்வியும் எழுதிட்டேம்மா. புள்ளி வெச்சேன், மணி அடிச்சிருச்சு."

ஜூன் 10

மோகனாவுக்கு மெட்ரிகுலேஷனில் இடம் கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. புவனேசனுக்கு முதல் பட்டியலில் வரவில்லை, மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். அப்படியும் பிரேமாவதி அக்கா லட்டு கொண்டுவந்து கொடுத்தார். வாங்கும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கோவிலில் அவன் பெயருக்கும் அர்ச்சனை செய்யச் சொல்லி வந்தேன்.

இன்று எஸ்டேட் தோட்டத்திலிருந்து அழகேசன் அண்ணன் கடைக்கு வந்தார். அவர் மகளும் மோகனாவைப் போலத்தானாம். கூடுதல் நேரம் கேட்கலாம் என்கிறார்களாம். ஆனால் சான்றிதழில் போட்டுவிடுவார்களோ என்று தயங்குகிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் போட மாட்டாங்க லா! யாருண்ணே உங்களுக்குச் சொன்னது?"

பிறகு அலமாரியிலிருந்து ஒரு காலி டின்னை எடுத்துத் தராசில் வைத்து, "இங்க பாருங்க" என்று பொத்தானை அமுக்கினார். தானே கண்டுபிடித்ததைப் போல என்ன ஒரு நிதானம்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மோகனா என் கையைக் கிள்ளினாள். "சொல்லட்டும்மா."