களஞ்சியத்தின் பிறந்தநாள்

மார்ச் 4, செவ்வாய்

தெற்குச் சுவர் இன்னும் ஒரு விரற்கடை சாய்ந்திருக்கிறது. முட்டுக் கொடுத்தால் போதாது, மேல் நான்கு வரிசைக் கற்களையும் எண் போட்டு இறக்கி மறுபடி அடுக்க வேண்டும் என்கிறார் பொறியாளர். என் கல்வெட்டுக் கல்லும் அதில் சேர்த்தி.

'என்' கல்! ஆனாலும் வேறு எப்படிச் சொல்வது? 'ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில் இந்த வீட்டை எழுப்பினான்.' இந்த ஒற்றை வரியை வைத்துத்தான் பதினோரு வருடமாக இந்தப் பாழடைந்த கோயிலுக்கு வயது சொல்லி வருகிறேன். கோயில் சுவரில் வீடு என்று எழுதியிருந்தால் அது சாமியின் வீடுதானே. பட்டம், வேலை, நாலு பேர் மத்தியில் ஒரு பெயர், எல்லாம் அந்த வரி கொடுத்தது.

மார்ச் 6, வியாழன்

கிரேன்காரர் பூப்போலத் தூக்கினார். பெல்ட்டில் தொங்கிய கல் மெல்லத் திரும்பியது. பின்பக்கம் முழுக்கக் காரை. காரைக்கு நடுவே எழுத்து.

"மேடம், பின்னாடியும் எழுதியிருக்கு! உங்களுக்கு லாபம்தான்."

லாபமா? சுவருக்குள் புதைந்துபோகும் பக்கத்தில் எவனாவது எழுத்து வெட்டுவானா? முதலில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டடம் இடிந்தபிறகு கல்லை எடுத்துவந்து இங்கே வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அந்த ஐந்தாம் ஆண்டு கல்லுக்கு. கோயிலுக்கு இல்லை.

தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னேன். மழை வரும்போல இருக்கு என்றேன். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. கிரேன்காரர் என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தார்ப்பாய் எடுக்கப் போனார்.

மார்ச் 7

தார்ப்பாய் அப்படியே இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

'குறுக்கு' ஞாபகமாகவே இருக்கிறது. கூடப் படித்தவன். எந்த வகுப்பிலும் குறுக்குக் கேள்வி கேட்பான், அதனால் அந்தப் பெயர். ஒன்பது வருடம் முன்னால் அவன் ஒரு கட்டுரை எழுதினான் — தூண்களின் வேலைப்பாட்டைப் பார்த்தால் இந்தக் கோயில் இருநூறு வருடம் பிந்தியது, கற்கள் வேறு கட்டடத்திலிருந்து வந்தவை என்று. கருத்துச் சொல்லும்படி ஆராய்ச்சி இதழ்க்காரர்கள் அதை எனக்குத்தான் அனுப்பினார்கள், பெயர் வெளியே வராது என்ற உறுதியோடு. 'ஆதாரம் போதாது' என்று எழுதினேன். கட்டுரை வரவில்லை. கைக்கு வரவேண்டிய வேலையும் அவனுக்குக் கிடைக்கவில்லை. இப்போது பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறான்.

தெரிந்தே கெடுத்தேனா? இல்லை. ஆனால் சரியாகப் படிக்கவும் இல்லை. நம்ம கல்லை நோண்டுறான்னு ஒரு எரிச்சல், அவ்வளவுதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை.

"ஒரு லிஃப்ட்ல வயரை மாத்திக் குடுத்துட்டேன்னு தெரிஞ்சா நான் என்ன பண்ணுவேன்? யாராச்சும் ஏறுறதுக்குள்ள ஓடிப்போய்ச் சரி பண்ணுவேன்."

"பதினோரு வருஷமா ஏறி இறங்கிட்டிருக்காங்களே."

"அப்போ இன்னும் வேகமா ஓடணும்."

மார்ச் 10, திங்கள்

ஓடினேன். தார்ப்பாயை எடுத்து, எல்லாரையும் கூப்பிட்டு, உள்ளதைச் சொன்னேன். எங்கள் துறை இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அப்போ ஒரு திருத்தம் எழுதிடுங்க" என்றார். இவ்வளவுதானா! இதற்கா நாலு நாளாகக் கல்லைத் தார்ப்பாய்க்கு அடியில் ஒளித்துவைத்தேன்?

பிற்பகல் காரையைச் சுரண்டி மீதியைப் படித்தேன். 'தானியம் சேர்க்கும் வீடு.' களஞ்சியம்! பதினோரு வருடமாக ஊர் ஊராகப் போய் ஒரு களஞ்சியத்தின் பிறந்தநாளைக் கோயிலுக்குக் கொண்டாடியிருக்கிறேன். சுவரடிப் பள்ளத்தில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். கிரேன்காரர் பயந்துபோய் குடிக்கத் தண்ணீர் நீட்டினார்.

இன்னும் ஒன்று பாக்கி.

மார்ச் 11

குறுக்குக்கு எழுதிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. நீ சொன்னதுதான் சரி, உன் கட்டுரையைத் தடுத்தது நான், மன்னித்துவிடு. கல்லின் படங்களையும் சேர்த்து அனுப்பினேன்.

மார்ச் 14

பதில் இல்லை. வராவிட்டாலும் நியாயம்தான்.

மார்ச் 16, ஞாயிறு

கூப்பிட்டான்!

"இதழ்க்காரங்க அனுப்பின குறிப்பைப் பாத்தப்பவே அது நீதான்னு எனக்குத் தெரியும். 'ஆதாரம்'னு எழுதுற இடத்துல எல்லாம் கீழ ரெண்டு கோடு போடுற ஆள் உலகத்துலயே நீ ஒருத்திதான்."

"ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டு? ரொம்ப வருஷம் உன் பேரைக் கேட்டாலே எந்திரிச்சுப் போயிடுவேன். இப்பவும் கோபம் இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அவனுக்குப் பின்னால் பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் கேட்டது. பிறகு அவனே:

"சரி தாயே, பக்கத்துக் கல்லோட அடிப்பக்கம் பாத்தியா?"

மார்ச் 22, சனி

வந்தான். தலை பாதி நரைத்திருக்கிறது. நலம் விசாரிக்கவில்லை, நேரே கல்லிடம் போய் மண்டியிட்டான். கோயிலுக்கான கற்கள் ஓர் அரண்மனையிலிருந்து வந்தவை என்று எழுதியிருந்தவன் அவன். களஞ்சியம் என்று படித்துக் காட்டியதும் முகம் போன போக்கு!

"அரண்மனை எங்கடா?"

"எலிங்களுக்கு அரண்மனைதானே."

இருவருமே பாதிப் பாதி தப்பு. அது என்னவோ அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் இன்னும் ஒன்பது கற்களைப் புரட்டினோம். இரண்டில் ஒன்றுமில்லை. ஒன்று திருகையின் அடிக்கல். ஆறு, வாசற்படிகள். ஒவ்வொன்றிலும் நடுவில் கால்பட்டுத் தேய்ந்த குழி. ஆறும் ஆறு அளவு, ஆறு வீட்டுப் படிகள். ஊரே இடிந்த பிறகு, மிஞ்சியதைத் தூக்கிவந்து கட்டியிருக்கிறார்கள். அரசன் கட்டினான் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். ஒரு குழியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

ஏப்ரல் 8

திருத்தம் அச்சாகிவிட்டது. அதில் அவன் பெயரும் பழைய கட்டுரையின் ஆண்டும். மூன்று பேர் கிண்டலாக எழுதினார்கள். வலிக்கத்தான் செய்தது, சாப்பாட்டு நேரம் வரை.

மே 16, வெள்ளி

பள்ளி விடுமுறை. குறுக்கு இங்கேயேதான் இருக்கிறான்.

காலையிலிருந்து மதியம் வரை சண்டை. படிகள் இருக்கும் வரிசை முதலில் கட்டியது என்கிறேன் நான். ஐம்பது வருடம் கழித்து ஒட்டுப்போட்டது என்கிறான் அவன். உன் கண்ணில் கோளாறு என்றான். உன் வாயில் என்றேன். கிரேன்காரர் பொழுதுபோகிறதென்று வண்டியை விட்டு இறங்கிவந்து உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் கேட்டார். "என்ன, முகம் இவ்ளோ பளிச்சுன்னு இருக்கு?"

"நாள் பூரா சண்டை."

"யாரு ஜெயிச்சது?"

தெரியவில்லை. தெரிய வேண்டுமென்றால் மூலைக் கல்லைத் தூக்கிப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை தூக்குகிறோம்.