அணி கைமாறிய பத்து நாட்கள்

மாப்ளே,

நேற்றுக் காலை போடி ஜீப் ஸ்டாண்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் நம் சைக்கிள் அணியின் பச்சைச் சட்டையைப் போட்டிருந்தார். முதுகுப்பக்கம் மூன்று பைகள் வைத்துத் தைத்த அதே சட்டை. ஒரு பையில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது. நெஞ்சிலிருந்த கம்பெனிப் பெயர் வெளுத்துப்போய், ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. அணியை விற்றபோது மிஞ்சிய சட்டைகளை குடோன் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று நீதான் வந்து சொன்னாய். "இனி நம்மள விட லோடுமேனுக நல்லா மலையேறுவாங்க மாப்ளே" என்று சிரித்தாய்.

நான்கு வருடம் அந்தப் பச்சையில் ஓட்டினோம். ஏலக்காய் வியாபாரம் செய்த நம் முதலாளிக்குச் சைக்கிள் பந்தயம் என்றால் பைத்தியம். பத்துப் பேரைச் சம்பளத்துக்கு எடுத்தார். வெளிநாட்டுப் பந்தயங்களுக்குப் போக லைசென்ஸ் வாங்கினார். பயிற்சிக்குப் போடிமெட்டு மலைரோடுதான் ஏற்றது என்று அணியையே இங்கே குடிவைத்தார். தேவாரத்திலிருந்து நீ, போடியிலிருந்து நான். மற்றவர்கள் வெளியூர்.

பந்தயத்தில் எனக்குக் காற்றை மறைப்பது உன் வேலை. நூறு கிலோமீட்டருக்கு மேல் நீ முன்னால் மிதிப்பாய்; உன் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் விட்டு நான் வருவேன். மலை தொடங்கியதும் நீ ஒதுங்கிக்கொள்வாய், நான் ஏறிப்போவேன். தாய்லாந்தில் நான் மூன்றாவதாக வந்த அன்று, நீ இருபது நிமிடம் பிந்தி, வாயோரம் உப்புப் பூத்து வந்து சேர்ந்தாய். "எத்தனாவது?" என்று கேட்டாய். சொன்னேன். உன் முகத்தைப் பார்த்தவர்கள் நீதான் ஜெயித்ததாக நினைத்திருப்பார்கள். முடிவுப் பட்டியலில் உன் பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

அந்தப் பட்டியல்தான் உன்னைக் கொன்றது என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். எனக்கு வசதியான நினைப்பு அது.

முதலாளி இறந்ததும் மகன்கள் அணியை ஒரு வீட்டுமனைக் கம்பெனிக்கு விற்றார்கள். சட்டை ஆரஞ்சு நிறமானது. ஒரே சீசன்தான். அவர்கள் தொழில் படுத்ததும், செல்போன் விளையாட்டு நடத்தும் ஒரு கம்பெனிக்குக் கைமாற்றினார்கள். "ரெண்டு வருசத்துல மூணு மொதலாளி. சந்தையில மாடுகூட இத்தன கை மாறாது" என்றாய். புதியவர்கள் மாதக் கடைசியில் போடிமெட்டு ஏற்றத்தில் ட்ரையல் வைத்து ஆள் எடுப்பார்கள் என்று மேனேஜர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். நம்மில் மூத்தவன் நீ. இது போனால் வேறு அணி கிடைக்காத வயது.

ஒருநாள் மேனேஜர் என்னை மட்டும் தேனியில் ஓர் ஓட்டலுக்குக் கூப்பிட்டார். ஒப்பந்தக் காகிதம் தயாராக இருந்தது.

"அவங்களுக்கு வேண்டியது லைசென்சும் மூணு ஆளும்தான். ஜெயிச்சுப் பேரு வாங்குனவங்கள மட்டும் எடுக்கிறாங்க. ட்ரையல்லாம் கெடையாது. பத்து நாள்ல அறிவிப்பாங்க. அதுக்குள்ள வெளிய தெரிஞ்சா ஒன் எடமும் போயிரும்."

உன் பெயரைச் சொல்லிக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அன்றிலிருந்து முழங்கால் வலி என்று உன்னோடு வருவதை நிறுத்தினேன். நீ தினமும் தனியாக மலையேறினாய். ஏழாம் நாள் சாயங்காலம், உன் மனைவி காய்ச்சிய தைலத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய்.

"ட்ரையல் தேதி ஏதும் தெரிஞ்சுதா மாப்ளே?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

"போன வாரத்துக்கு ரெண்டு நிமிசம் வெரசா ஏறுறேன். எறங்குறதையும் பாப்பாங்கன்னு தோணுது. நாளைக்கு அதப் பழகணும்."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "மேல மூடுபனியா இருக்கும். பாத்து எறங்கு" என்றுதான் வந்தது. தலையாட்டிவிட்டு, தைலத்தைச் சூடாக்கித்தான் தேய்க்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிப் போனாய்.

மறுநாள் காலை மெட்டுக்குக் கீழே ஒரு வளைவில், பனிக்குள்ளிருந்து எஸ்டேட் ஜீப் ஏறி வந்தது. நீ இறங்கிய வேகத்தில் உனக்கும் டிரைவருக்கும் பிரேக் பிடிக்க நேரம் இருந்திருக்காது. ஜீப்பில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் உன்னை மடியில் கிடத்தி, தலைத்துண்டால் ரத்தத்தை அடைத்துக்கொண்டு திரும்பினார்கள். அடிவாரத்து முந்தல் வருவதற்குள் நீ போய்விட்டாய். இரண்டு நாள் கழித்து அறிவிப்பு வந்தது. முதல் பெயர் என்னுடையது.

புதிய நீலச் சட்டையில் ஒரு சீசன் ஓட்டினேன். ஒரு பந்தயத்திலும் முதல் இருபதுக்குள் வரவில்லை. அடுத்த வருடம் அந்தக் கம்பெனியும் அணியைக் கலைத்துவிட்டது.

மூன்று வருடமாகச் சொல்லாததைச் சொல்ல, நேற்று மதியம் தேவாரத்துக்கு பஸ் ஏறினேன். உன் மனைவி இப்போது ஏலக்காய் பிரிக்கும் சோலிக்குப் போகிறாள். அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். தேனி ஓட்டலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"ட்ரையல் இல்லேன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கு வீட்டுல படுத்துக் கெடந்திருப்பாரு. மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு, சாப்பிடாம. ஆனா இருந்திருப்பாரு."

நான் தலைகுனிந்து நின்றேன்.

"எங்கிட்ட சொல்லிட்டா ஒங்களுக்குப் பாரம் எறங்கிரும்னு வந்தீங்களாண்ணே?"

வாசலில் கிடந்த செருப்பைக் காலால் தேடினேன்.

"எனக்கு இருக்கிறதே போதும். அத நீங்களே வச்சுக்கங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்று, செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வைத்திருக்கிறேன், மாப்ளே.