மூன்று கிலோவாட்டுக்கு எதிரே ஒரு கெபி

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
20 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா ஹில்டாவுக்கு,

தம்பி பர்னபாஸ் எழுதுவது. நானும் செல்மாவும் நலம். நீயும் நலம் என்று முருகேஸ்வரி சொல்லுகிறாள். அவள் உன் வீட்டிலும் என் வீட்டிலும் பாத்திரம் துலக்குவதால்தான் நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்துச் சேதி எனக்குக் கிடைக்கிறது. அப்பாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் குருசைத் தொட்டு, இனி சாகும்வரை என்னிடம் பேசுவதில்லை என்று ஆணையிட்டாய். பேசத்தானே கூடாது, எழுதலாம், வாசிக்கலாம் என்று செல்மா சொன்னாள். என் பெண்டாட்டிக்கு இந்த மாதிரி யோசனையெல்லாம் நன்றாகவே வரும்.

விஷயம் இதுதான். போன வருஷம் அப்பா காலத்துப் பழைய சோலாரை இறக்கிவிட்டுப் புதுசு மாட்டினோம் அல்லவா. அதை இப்போது இன்னும் கொஞ்சம் பெரிதாக்குகிறேன். லித்தியம் பேட்டரி வருகிறது, இன்வெர்ட்டரும் மாறுகிறது. இனி கரண்ட் போனாலும் ஏசி நிற்காது. இருபத்தைந்து வருஷம் கப்பல் இன்ஜின் ரூமில் வெந்தவன், இனியாவது குளிர்ச்சியாகத் தூங்க வேண்டாமா.

ஒரு சின்னத் தொந்தரவு. உன் மாடியில் சுவரோரம் நிற்கிற தண்ணீர் டேங்கின் நிழல் மத்தியானத்தில் என் பேனல் ஒன்றின் மூலையில் விழுகிறது. எல்லாவற்றையும் ஒரே வரிசையாகக் கோர்த்திருப்பதால் ஒன்றில் நிழல் விழுந்தால் மற்றவையும் சேர்ந்து படுத்துவிடும். நீ தெற்கே இருக்கிறாய், நான் வடக்கே. மாசி வரைக்கும் வெயில் தெற்கே சாய்ந்துதான் போகும், உன் பக்கத்து நிழல் என் தலையில்தான். கொஞ்சம் மனசு வைத்து டேங்கை அந்தக் கடைசிக்கு நகர்த்திவிடு. ஆள்கூலி நான் தருகிறேன்.

உன் பிரியமுள்ள தம்பி,
பர்னபாஸ்

*

தூத்துக்குடி,
23 நவம்பர் 2024

தம்பி பர்னபாஸ்,

கடிதம் கிடைத்தது. பிரியமுள்ள என்று எழுதியிருந்தாய். அந்த வார்த்தையை மட்டும் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

பேட்டரி வாங்குகிறாயாமே, நல்லது. பழைய சோலாரை இறக்கிய அன்று, "அப்பா ஆக்சிஜன் மெஷினுக்காவது ரெண்டு பேட்டரிய விட்டு வைலே" என்று உன்னிடம் கெஞ்சினேன். நீ என்ன சொன்னாய்? "பேட்டரி எல்லாம் பழைய காலம்க்கா. தண்ணி ஊத்தணும், ஆசிட் நாறும். இது ஆன்கிரிட்டு, பேட்டரியே தேவையில்ல." நாலு பேட்டரியையும் பழைய சாமான்காரன் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாய். அப்பாவின் மூச்சுக்குத் தேவைப்படாத பேட்டரி இப்போது உன் ஏசிக்குத் தேவைப்படுகிறது.

பிப்ரவரியில் அந்தச் சனிக்கிழமையை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. நாள் முழுக்கக் கரண்ட் கிடையாது, ஷட்டவுன் என்று பேப்பரில் போட்டிருந்தான். ஏரலில் சீனித்தாய் மகள் கல்யாணம். என்னோடு ஆபீசில் வேலை பார்த்தவள், போகாமல் இருக்க முடியாது. இருந்தாலும் உன்னிடம் கேட்டேன், அப்பாவுக்கு மெஷின் ஓடுமா, நான் போகட்டுமா என்று. "போக்கா. வெயிலு பொளந்து கட்டுது. மேல மூணு கிலோவாட் கெடக்கு. அப்பா மெஷின் எம்மாத்திரம், ரெண்டு ஏசியே ஓடும்" என்றாய். இன்ஜினியர் சொல்கிறானே என்று நம்பி பஸ் ஏறினேன். பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளிக்கும்போது செல்மாவின் போன் வந்தது.

பேட்டரி இல்லாத சோலார், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடுமாம். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவனுக்கு ஷாக் அடித்துவிடக் கூடாது என்று அப்படிச் செய்து வைத்திருக்கிறார்களாம். அப்பா செத்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. மாடி நிறைய வெயில் காய்ந்திருக்கிறது, கீழே அப்பா மூச்சுக்குத் தவித்திருக்கிறார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, அப்பாவுக்கு ஆயுசு அவ்வளவுதான் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாய். நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அப்பா போனது என்னால்தான் என்று ஒரு தடவை என்னிடம் சொல். அதைச் சொல்லாமல் நீ ஏசி போட்டுத் தூங்குவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

டேங்கை நகர்த்திவிடுகிறேன். நீ கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்.

ஹில்டா

*

தூத்துக்குடி,
10 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

டேங்கை நீ நகர்த்தியதும் சந்தோஷப்பட்டேன். உனக்கு நன்றி சொல்லச் சொல்லி முருகேஸ்வரியிடம் ஒரு பார்சல் மக்ரோன்கூடக் கொடுத்தனுப்பினேன். நீ அதைத் தின்றுகொண்டேதான் மரியான் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறாய்.

அதே இடத்தில் செங்கல் ஏறும்போது துணி துவைக்கக் கல் போடுகிறாய் என்று நினைத்தேன். பார்த்தால் பன்னிரண்டடிக்கு மாதா கெபி. பாறைக் குகை மாதிரி சிமெண்டில் வளைத்து, மேலே நீல முக்காடு போட்ட மாதா. அமலோற்பவ மாதா திருநாளும் அதுவுமாகப் பங்குச்சாமியாரை வரவழைத்து மந்திரித்தும் விட்டாய். நானும் தெருவில் நின்று கைகூப்பினேன். கூப்பாமல் என்ன செய்வது.

நேற்று மத்தியானம் மாடியில் நின்று பார்த்தேன். மாதாவின் முக்காடு என் மூன்றாவது பேனலில் விழுகிறது. கெபியின் தோள் இரண்டு பக்கத்தையும் அடைக்கிறது. நல்ல வெயில் நேரம் முழுவதும் ஒன்றும் ஏறுவதில்லை. கார்ப்பரேஷனில் மனு கொடுக்கலாமா என்று செல்மாவிடம் கேட்டேன். "மாதாவ இடிக்கச் சொல்லியா மனு குடுக்கப் போறிய? பெறவு கோயிலுக்குள்ள எப்படிக் கால் வைப்பிய?" என்கிறாள்.

விளையாட்டுப் போதும் அக்கா. ஒரு நாலடி குறைத்துக்கொள்.

பர்னபாஸ்

*

தூத்துக்குடி,
14 டிசம்பர் 2024

தம்பி,

நாலடி குறைக்க வேண்டுமென்றால் மாதாவுக்குக் காலை எடுக்கவா, தலையை எடுக்கவா? எழுதி அனுப்பு, சாமியாரிடம் காட்டிக் கேட்டு வருகிறேன்.

இடம் குறித்துக் கொடுத்ததே நீதான். நான் தெற்கு, நீ வடக்கு, மாசி வரை நிழல் உன் தலையில் என்று உன் கையெழுத்திலேயே வந்தது. அதைப் பார்த்துத்தான் மரியானுக்கு இடம் காட்டினேன். அவன்கூட, "யக்கா, இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி வச்சா என்ன?" என்று கேட்டான். "தள்ளாத, மாதா தம்பி வீட்டப் பார்த்து நிக்கட்டும்" என்றேன்.

தெருப் பெண்கள் சாயங்காலம் வாசலில் நின்று செபமாலை சொல்லுகிறார்கள். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் பைக்கை நிறுத்தி மேலே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு போகிறார்கள். எனக்கு நல்ல பெயர். "அண்ணாச்சி மாடில நின்னு நெழலயே பாத்துக்கிட்டு நிக்காவக்கா, சோறு எறங்கலயாம்" என்று முருகேஸ்வரி சொன்னாள். அன்றைக்கு எனக்கு நன்றாகச் சோறு இறங்கியது. சாளைக்குழம்பு வேறு.

உன் புது பேட்டரி பட்டினி கிடக்கட்டும். மூச்சுக்கு ஏங்குவது என்றால் என்ன என்று அதுவாவது தெரிந்துகொள்ளட்டும். இல்லையென்றால் நான் கேட்டதைச் சொல். சொன்ன அன்றைக்கே மரியானைக் கூப்பிட்டுக் கெபியை இறக்கிவிடுகிறேன். இது என் வாக்கு.

ஹில்டா

*

5 ஜனவரி 2025

அக்கா,

சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. நெஞ்சு முழுக்கச் சளி. நான் என்ன கடவுளா?

பேனலுக்கு உயரமாக இரும்பு ஸ்டாண்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். உன் நிழல் அதற்குக் கீழே விழுந்து கிடக்கட்டும்.

பர்னபாஸ்

*

6 ஜனவரி 2025

தம்பி,

தாராளமாக அடி. மாதாவின் தலைக்கு மேலே ஒரு குருசு வைக்க இன்னும் இடம் இருக்கிறது. உன் ஸ்டாண்ட் எத்தனை அடி என்று சொன்னால் மரியானுக்கு வசதியாக இருக்கும்.

ஹில்டா

*

தூத்துக்குடி,
30 ஜனவரி 2025

அக்கா,

ஸ்டாண்டு வேலையை நிறுத்திவிட்டேன். நேற்று மறுபடியும் ஷட்டவுன். உன் நிழலால் பேட்டரியில் ஒன்றுமே இல்லை, கொஞ்ச நேரத்தில் எல்லாம் நின்றுவிட்டது. நான் இன்வெர்ட்டர் முன்னால் போய் நின்று சுவிட்சைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். செல்மா பின்னால் வந்து நின்றாள். "அன்னைக்கும் இப்படித்தான நின்னிய" என்றாள். உள்ளே போய்விட்டாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு மெஷின் நின்ற உடனே செல்மா ஓடி வந்தாள். "மாமாவுக்கு மூச்சு வாங்குது, ஆட்டோவக் கூப்பிடட்டா?" என்றாள். ஆட்டோ தெருமுனையில்தான் நின்றது. நான்தான், "பொறு, இப்ப வந்துரும்" என்றேன். கரண்ட் போனால் அது ஓடாது என்று எனக்குத் தெரியாது. ஏதோ கோளாறு, நான் தொட்டால் ஓடும் என்று நினைத்தேன். மூடியைக் கழற்றினேன், வயரைப் பிடித்துப் பார்த்தேன், அணைத்து அணைத்துப் போட்டேன். அவள் மறுபடியும் வந்தாள், அப்போதும் பொறு என்றேன். நடுக்கடலில் எத்தனை இன்ஜினை ஓட வைத்திருக்கிறேன், இந்தச் சின்னப் பெட்டி என்னிடம் படியாதா என்ற திமிர். மூன்றாவது தடவை அவள் என்னைக் கேட்கவில்லை, தெருவில் இறங்கி ஓடினாள். அப்பாவைத் தூக்கி ஆட்டோவில் வைக்கும்போது என் சட்டையைப் பிடித்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பிடி விட்டுப்போயிற்று.

அப்பா போனது என்னால்தான். பேட்டரி இல்லாததால் மட்டும் அல்ல. ஆட்டோ வேண்டாம் என்று சொன்னது நான். செல்மாவை ஒன்றும் நினைத்துவிடாதே, யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவள் வாயை அடைத்ததும் நான்தான்.

பத்தாம் தேதி அப்பாவுக்கு ஆண்டுப் பூசை. வந்துவிடு. கெபியை உன் இஷ்டம்போல் செய்.

பர்னபாஸ்

*

தூத்துக்குடி,
3 பிப்ரவரி 2025

பர்னபாஸ்,

வாசித்தேன். நீ சொல்லிவிட்டால் எனக்கு ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. பேட்டரிக்காக ஒரு வருஷம் உன்னை வெறுத்தேன். இனி ஆட்டோவுக்காகவும் வெறுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு எனக்கு ஆயுசு போதுமா என்று தெரியவில்லை.

வாக்குக் கொடுத்தேன் என்பதற்காக மரியானைக் கூப்பிட்டேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "மந்திரிச்ச மாதா மேல நான் கடப்பாரை வைக்க மாட்டேங்க்கா. வேற ஆளப் பாருங்க" என்று போய்விட்டான். வேறு எவனும் வரமாட்டான். நானும் கை வைக்க மாட்டேன், நீயும் வைக்க மாட்டாய். கோபத்தில் கட்டினேன், இப்போது அது தெருவுக்குச் சொந்தமாகிவிட்டது.

வாக்குத் தவறினாள் என்று நீ என்னைச் சொல்லக் கூடாது. அதனால் கேள். என் மாடியில் தெற்குப் பக்கம் முழுவதும் காலியாகக் கிடக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில்தான். உன் பேனலையெல்லாம் கழற்றிக் கொண்டுவந்து அங்கே மாட்டிக்கொள். உன் பேட்டரி வயிறு நிறையட்டும். எனக்கு ஒரு சல்லிக்காசும் வேண்டாம்.

நம் ஊர்க் காற்றில் உப்பும் நிலக்கரித் தூசியும் எப்படி வந்து படியும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். வாரம் ஒரு தடவை கழுவாவிட்டால் பேனல் இருந்தும் இல்லாத கதைதான். அப்பா போன பிறகு வீட்டைப் பிரித்துச் சுவர் வைத்தபோது வெளிப்படி உன் பக்கம் போயிற்று. என் மாடிக்கு உள்படி ஒன்றுதான், அது அப்பா அறைக்குள்ளிருந்து ஏறுகிறது. சுவர் ஏறிக் குதிக்கலாம் என்று பார்க்காதே, மேலே கண்ணாடிச் சில்லு பதித்தது நீதான்.

அறையை நான் மாற்றவில்லை. அப்பாவின் கட்டில் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. தலைமாட்டில் மெஷின், மூக்கில் மாட்டுகிற குழாய் அதன் மேலேயே சுருட்டிக் கிடக்கிறது. ஒவ்வொரு வாரமும் நீ அந்தக் கட்டிலைத் தாண்டித்தான் ஏற வேண்டும், தாண்டித்தான் இறங்க வேண்டும். கூலிக்கு ஆளை அனுப்பினால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன். நீதான் வர வேண்டும். நான் அடுப்படியில் இருப்பேன். பேச மாட்டேன்.

ஆண்டுப் பூசைக்கு வருகிறேன். செல்மாவை என் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்.

பேனல் மாட்டிய பிறகு ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து கழுவு. வாளியும் துணியும் நீயே கொண்டு வா.

ஹில்டா