டேப் ஒட்டுகிற கை

பிள்ளைப்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள லோகேஷுக்கு,

சித்தி எழுதுகிறேன். முதலில் மன்னித்துக்கொள், கூப்பிடாத வீட்டு வாசலில் வந்து நிற்பதுபோல் இருக்கிறது. உங்கம்மா போன பிறகு நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து சாப்பாடு, சாவி, துவைக்கிற துணி இவற்றைத் தாண்டி நாம் பேசியதில்லை, இப்போது பக்கம் பக்கமாக எழுதினால் உனக்கு என்ன தோன்றுமோ. சிகிச்சை முடியும்வரை உன் கையில் போன் கொடுக்க மாட்டார்கள், கடிதம் வந்தால் கொடுப்பார்கள் என்று உன் கவுன்சிலர் கலைமணி மேடம் சொன்னார், அதனால்தான். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கம் பிடித்து, கை நடுக்கம் மறுபடி வராமல் இருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டுதான் தொடங்குகிறேன். நீ இருக்கும் நாகர்கோவிலில் நல்ல மழை என்று செய்தியில் காட்டினார்கள், ஈரத் தலையோடு படுக்காதே.

கனகம் அத்தைக்கு மூட்டு வலி குறையவில்லை, ஆனாலும் தினம் வந்து என் சமையலைக் குறை சொல்லிவிட்டுத்தான் போகிறார். வல்லம் வடகால் பக்கம் புதிதாக ஒரு கம்பெனிக்கு மண் கொட்டுகிறார்கள், லாரித் தூசியில் மாடியில் துணி போட முடியவில்லை. உன் தங்கை ரஞ்சனிக்கு முன்பல் விழுந்துவிட்டது, அண்ணன் வரும்போது முளைத்திருக்குமா என்று கேட்கிறாள். நான் தண்டலம் காலேஜ் ஆபீசுக்கு வழக்கம்போல் போய் வருகிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று பெயர்தான், நாலு பேர் முன்னால் வாய் வராது. சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தச் சில நாட்களாக வீட்டில் நான் பார்க்கிற எதுவும் சரியாக இல்லை.

மேடம் பக்கத்தில் இருக்க நீ போனில் பேசினாயே, அன்று போன் ஸ்பீக்கரில் இருந்தது, அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார், அது உனக்குத் தெரியாது. மேடம் ரெண்டு விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவாங்க, தலையை அசைக்காம கண்ணாலயே பின்னாடி போவணும், மாரிசெல்வம் கை மாட்டுன அந்த நேரத்தை மனசுல வெச்சிருக்கணும் என்று சொன்னாய். முதலில் அவன் கத்தினது மட்டும்தான் வந்தது, இப்போது அதற்கு முன்னால் நடந்ததும் வருது, பட்டன் மேல டேப் ஒட்டுற கை தெரியுது சித்தி, மூஞ்சிதான் தெரியல என்றாய். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் தகட்டை அமுக்குகிற பிரஸ் மெஷின் இறங்கும், கை உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு என்று நீதான் ஒருமுறை ரஞ்சனிக்குத் தட்டை வைத்துச் செய்து காட்டினாய். ஒரு பட்டனை டேப் போட்டு அமுக்கி வைத்துவிட்டால் ஒரு கை மிச்சம், வேலை சீக்கிரம் ஓடும். அந்த மெஷினில் நின்ற மாரிசெல்வம் தானாகவே டேப்பை ஒட்டிக்கொண்டான், அவன் கவனக்குறைவு என்று கம்பெனியில் முடித்துவிட்டார்கள். அந்தப் பையன் வலது கையை இங்கே விட்டுவிட்டுக் கோவில்பட்டிக்கே போய்விட்டான். பக்கத்து மெஷினில் நின்ற நீ குடிக்கத் தொடங்கினாய். நான் மேடத்திடம் தனியாகக் கேட்டேன். மனதில் வருவதெல்லாம் அப்படியே சாட்சி ஆகிவிடாது, பயத்தைக் கரைக்கத்தான் இந்த வைத்தியம், ஆனால் கிளறிவிட்டுப் பாதியில் நிறுத்தினால் தையல் போடாத புண்ணோடு எழுந்து போவதுபோல, மறுபடி பாட்டிலைத்தான் தேடுவான், இந்தத் தடவை ஈரல் தாங்காது என்றார்.

அந்த லைனுக்கு அப்பாதான் செட்டர், மெஷினைத் தயார் செய்து ஆட்களிடம் விடுவது அவர் என்பது உனக்குத் தெரியும். நான் அங்கே இல்லை, எனக்கு எதுவும் தெரியாது, பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். உன் பேச்சைக் கேட்டதும் அவர் முதலில் சிரித்தார், விரல ஆட்டுனா குடி பூடுமா, எதுத்த வூட்டு நாய்க்குட்டிகூடத்தான் விரலப் பாக்குது என்றார். பிறகு ரஞ்சனி அதையே விளையாட்டாக்கி, அப்பா நீ லோகேஷ் அண்ணன், நான் மேடம் என்று அவர் முன்னால் உட்கார்ந்து விரலை ஆட்டினாள். அவரும் சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கண்ணை ஓட்டினார். இப்போ இன்னா தெரியுது சொல்லு என்று கேட்டாள். சட்டென்று அவள் விரலைப் பிடித்துக்கொண்டார், அவள் அழுதும் விடவில்லை, நான் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு அவர் எங்கள் யார் கண்ணையும் பார்த்துப் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி சூப்பர்வைசர் தணிகாசலம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷத்தில் நம் வீட்டுப் படி ஏறாதவர். இன்னா கோதண்டம், பையன் அங்க குந்திகினு படம் பாக்குறானாமே, டிக்கெட் இல்லாமலே என்று சிரித்தார், அப்பா சிரிக்கவில்லை. போதும்பா, இட்டாந்துடு, நம்ம கண்ணு முன்னால இருந்தா எல்லாருக்கும் நல்லது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, குடிச்சிகினு பேசுனப்போ எவனாச்சும் காதுல வாங்குனானா, தெளிஞ்சி பேசுனா ஊரே கேக்கும்பா என்றார். சமையலறையில் இருந்த எனக்கு அது நன்றாகக் கேட்டது. போகும்போது, படிச்ச பொண்ணு நீ, எடுத்து சொல்லு தங்கச்சி என்று என்னிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று அரிசி எடுக்கப் போனேன். டிரம்முக்குப் பின்னால் துண்டில் சுற்றிப் பிராந்தி பாட்டில்கள் இருந்தன, சீல் உடைக்காமல். தீபாவளிக்குக்கூட ஒரு சொட்டு நாக்கில் வைக்காத மனிதர் உன் அப்பா. யாருக்கு என்று கேட்டேன். அவன் வந்தா கையி ஆடும், கொஞ்ச கொஞ்சமா குடுத்து நானே நிறுத்திக்கிறேன் என்றார். உன் கை ஆடுவது நின்று எவ்வளவு நாளாயிற்று என்று அவருக்கும் தெரியும்.

அவரைக் கெட்டவர் என்று நான் எழுதவில்லை, அப்படி எடுத்துக்கொள்ளாதே. காலையில் எழுந்ததும் உன் பைக்கைத் துடைக்கிறார், துடைத்த இடத்தையே துடைக்கிறார். பயந்துபோயிருக்கிறார். அந்தப் பயத்தை உன்மேல் பாசம் என்றே அவர் நம்புகிறார், எனக்கு நடுக்கம் அதில்தான். அந்த முகம் உனக்குத் தெரிய வேண்டும் என்றும் நான் ஆசைப்படவில்லை, தெரியக் கூடாது என்றும் சொல்லவில்லை. தெரிவதாக இருந்தால் அங்கே, மேடம் பக்கத்தில் இருக்கும்போது தெரியட்டும்.

மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே, அங்கே தருகிற கஞ்சியை வேண்டாம் என்று ஒதுக்காதே. பெற்றவள் இருந்தால் எப்படியெல்லாம் வாழ்த்துவாளோ அப்படியெல்லாம் நீ நன்றாக இருக்க வேண்டும், முழுசாகக் குணமாகி நெடுநாள் வாழ வேண்டும்.

ஒன்றைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். வெள்ளிக்கிழமை அப்பா ரயில் ஏறுகிறார். திரும்பி வர இரண்டு பேருக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார். நீ சம்மதிக்காமல் அனுப்ப மாட்டார்கள் என்று மேடத்திடம் கேட்டு வைத்திருக்கிறேன், அவர் வருவதற்குள் கிடைக்க வேண்டும் என்று இதை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். அவர் உன்னைக் கட்டிக்கொண்டு அழுவார், நீ இதுவரை பார்த்திராத அழுகையாக இருக்கும். மூத்தாள் பிள்ளையை வீட்டுக்கு வரவிடாமல் தடுத்துவிட்டாள் என்று கனகம் அத்தை ஊரெல்லாம் சொல்வார், உனக்கும் அப்படித் தோன்றலாம், தோன்றினால் தோன்றட்டும். அவரோடு வராதே, லோகேஷ்.

இப்படிக்கு,
உன் சித்தி
மஞ்சுளா