தைலத்தில் நனைத்த குச்சி

உன் மனைவி காலையில் வந்திருந்தாள். நீ மீதி வைத்துப்போன எலுமிச்சம்புல் தைலப் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு, "நடவுக்கு உங்க மரவள்ளிக் குச்சிதாண்ணா வேணும்" என்றாள். மூடி கசிந்து வாசனை என் கையில் ஒட்டிக்கொண்டது. மூன்று தடவை சோப்புப் போட்டும் போகவில்லைடா.

கல்வராயன் மலையில் தைலம் காய்ச்சுகிறவர்களிடம் அதை நீ முதலில் வாங்கி வந்தபோது, கச்சிராயபாளையம் டீக்கடையே சிரித்தது. "இன்னாடா, செடிக்குத் தலைவலியா?" என்று கேட்டவன் நான்தான். நீ கண்டுகொள்ளவில்லை. சோப்புத் தண்ணியில் கலந்து, இளஞ்செடியிலேயே அடித்தாய். வெள்ளை ஈ அண்டவில்லை; அது பரப்புகிற தேமல் நோயும் உன் கொல்லையில் கம்மிதான். அப்புறம் நானும் அடித்தேன், இலையெல்லாம் மஞ்சள் திட்டாகிச் சுருண்ட பிறகு. "தைலம் நோய் வராம பாத்துக்கும்டா, வந்ததை வெரட்டாது. புடுங்கிக் கொளுத்து" என்றாய். கிழங்கு போய்விடுமே என்ற பேராசையில் ஒரு செடியைக்கூட நான் பிடுங்கவில்லை. உன்னிடம் மட்டும் பிடுங்கிவிட்டதாகச் சொன்னேன்.

அறுவடை முடிந்ததும் குச்சி கேட்டு வந்தாய். விதைக்குச்சி கேட்டு வந்தவரை நம் பக்கத்தில் யாரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. தேமல் செடியின் குச்சியில் துளிர்ப்பதும் தேமல்தான்; ஆனால் கொடுக்காவிட்டால் என் பொய் தெரிந்துவிடும். இலையை உருவிவிட்டால் எல்லாக் குச்சியும் ஒன்றுதானே! உருவினேன். மனசு உறுத்தாமலிருக்க, தைலத்தில் நனைத்துக் கட்டிக் கொடுத்தேன். த்தூ, நானெல்லாம் ஒரு மனுஷன். உன் கொல்லை முழுக்கத் தேமல் வந்தபோது உன் வரப்பில் நின்றுகொண்டு, "பாழாப்போன ஈ" என்று ஈயைத் திட்டினேன்.

அடுத்த நடவுக்குள் மாரடைப்பில் நீ போய்விட்டாய். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டபோதும் நான் வாய் திறக்கவில்லை.

இன்றைக்குத்தான் திறந்தேன். "என் குச்சி வேணாம்மா. அவனுக்குக் குடுத்ததே தேமல் குச்சிதான்."

அவள் முகம் மாறவில்லை. "அவருக்குத் தெரியும்ணா. மொதத் துளிரு வுட்டப்பவே தெரியும். நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தாரு. இப்பவாச்சும் சொல்றீங்களான்னு பாக்கத்தான் நான் வந்தேன்."

குச்சி வாங்காமலே போய்விட்டாள். நான் கட்டி வைத்திருந்ததையெல்லாம் இழுத்துப் போட்டுக் கொளுத்தினேன். புகை நாற்றத்திலும் கையில் உன் தைலம்தான் மணக்கிறது.

நீ பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் உன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். நீயும் சர்க்கரை போதுமா என்று கேட்டிருக்கிறாய்.